கண்ணில் வைத்த பொட்டு

எங்கள் டத்தோ கிராமாட் சந்தில் வந்து திருநாவுக்கரசு வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பொட்டு அண்ணன் வீடு என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷின் ஓட்டியே ஆயுளைக் கழித்தவர் அவர். ஆயுத பூஜை வந்தால் அங்கிருந்த அத்தனை மெஷினுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பது அவர்தான். சீன சூப்பர்வைசரே கூப்பிட்டு, "அராசு, என் மெஷினை விட்டுடாதே" என்பாராம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையானால் பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதுப் பொட்டு வைப்பார். ரைஸ் குக்கருக்கு, ஐஸ் பெட்டிக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, காற்றாடிக்கு. ஒரு தடவை வெளியே வைத்திருந்த என் வாஷிங் மெஷினுக்கும் வைத்துவிட்டார்.

"அலமாக், அண்ணே! நான் மாதா கோயிலுக்குப் போறவ. என் மெஷினுக்கு எதுக்குப் பொட்டு?"

"அதுவும் உழைக்கிற சீவன்தானே ஜூலி. அதுக்கு ஏது மதம்?"

நன்றாகத் திட்டினேன். ஆனால் பொட்டைத் துடைக்கவில்லை. அந்த மனிதர் வைத்ததைத் துடைக்க யாருக்கு மனசு வரும்?

நான் ஜூலியானா. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்கு வாய் நீளம் என்பது சந்துக்கே தெரியும். அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது, அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்லுவேன்.

அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்கு ஆஸ்துமா. இளவயதில் வந்து போய்க்கொண்டிருந்தது இப்போது வீட்டோடு தங்கிவிட்டது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு சோறு தின்ன முடியாது.

அந்த வீட்டின் மூன்றாவது ஆள் கோப்பி. பாலில்லாத காப்பி நிறத்தில் ஒரு நாய், அதனால்தான் கோப்பி என்று பேர். ஒரே மகள் துளசி கல்யாணமாகிப் பட்டர்வொர்த்துக்குப் போனபோது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று குட்டியாகத் தூக்கி வந்தார்கள். லெட்சுமி அக்காவின் கட்டிலுக்குக் கீழேதான் அதன் படுக்கை. தூக்கத்தில் அக்காவுக்கு மூச்சு முட்டினால் முதலில் தெரிவது அதற்குத்தான். ஓடிப்போய் அண்ணனின் காலை நக்கி எழுப்பிவிடும். எத்தனை தடவை அப்படி எழுப்பியிருக்கிறது என்று கணக்கே இல்லை.

ஆனால் நாய்க்கும் வயசாகிறதே. கோப்பிக்குக் கண் மங்கியது. காதுக்குள் புண் வந்து, மருந்து போட்டால் ஆறும், மறுபடியும் வரும். அதனால் ஒரு வாடை. பொய் சொல்லக் கூடாது, வாசலிலேயே அடிக்கும். போதாக்குறைக்கு எங்கள் வரிசைக்குப் பின்னால் பழைய கடைவீடுகளை இடித்து ஹோட்டல் கட்ட ஆரம்பித்தார்கள். சிமெண்டுத் தூசு. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது மூன்று விஷயம். தூசு ஆகாது, புகை ஆகாது, நாய் முடியும் ஆகாது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், மூன்றும் என் காதில் விழுந்தன. துளசியின் காதில் மூன்றாவது மட்டும்தான் விழுந்தது. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த வீட்டில் இளைச்சவன் கோப்பி.

"அப்பா, அம்மா வேணுமா நாய் வேணுமா? நீங்களே சொல்லுங்க" என்றாள் துளசி.

அண்ணன் கைலியின் முனையைத் திருகிக்கொண்டே நின்றார். "ரெண்டும் வேணும்மா" என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த லெட்சுமி அக்கா மூச்சுக்கு நடுவே நடுவே சொன்னார்: "அவன் இந்த வாசலத் தாண்டினா... எனக்குச் சோறு... இறங்காது."

துளசி அழுதுவிட்டாள். கெட்ட பிள்ளை இல்லை அவள், அம்மா போய்விடுவாளோ என்ற பயம். கடைசியில் ஒரு கெடு வைத்தாள். "அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்த வீட்டுக் காத்து சுத்தமாகணும். இல்லேன்னா கோப்பி போகணும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று இருக்கிறதாமே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். முதலில் பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் எவனோ ஒருவன் பேச்சைக் கேட்டுக் குடம் மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்றி வாசனைத் தைலம் விட்டால் பூவாசனையோடு ஆவி விடும். அதைப் போட்ட சற்று நேரத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, முகமே நீலம் பாரித்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி அதைத் தண்ணீரோடு சாக்கடையில் கவிழ்த்தேன்.

"உங்களுக்கு மூளை இருக்கா அண்ணே? இது காத்த சுத்தம் பண்ற சாமான் இல்ல லா, செண்ட் அடிக்கிற சாமான்!"

"எனக்கு என்ன ஜூலி தெரியும்? நாள் ஓடுதே" என்றார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "காடிய எடுக்கிறேன், வாங்க. நல்ல கடையாப் போவோம்" என்று கார்ச் சாவியை எடுத்தேன்.

கடைக்குக் கிளம்பும்போது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாயைச் சுருக்கிக் கட்டியது. ஏதோ மருந்துச் சீட்டுகள் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் ஐனா என்று ஒரு மலாய்ப் பெண், நல்ல பெண், வரிசையாக நின்ற மெஷின்களைக் காட்டினாள். இவர் நேராக ஒன்றின் முன்னால் போய்ப் பையை அவிழ்த்தார். உள்ளே கோப்பியின் போர்வை! துவைக்காத போர்வை! ஏசி போட்ட கடையில் அந்த வாடை பரவியது பாருங்கள், டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே வெளியே போய்விட்டது.

"இந்த வாடைய எடுக்குமா? எடுத்துக் காட்டச் சொல்லு, வாங்கிக்கிறேன்" என்று என்னிடம் தமிழிலும் அவளிடம் மலாயிலும் கெஞ்சுகிறார். வெட்கத்தில் எனக்கு மாதாவே என்றிருந்தது.

ஐனா முகம் சுளிக்கவில்லை. போர்வையைத் தள்ளிக்கூட வைக்காமல் பொறுமையாகச் சொன்னாள். வெள்ளையாக மடிப்பு மடிப்பாக இருக்கும் வடிகட்டி தூசுக்கும் முடிக்கும். வாடைக்கு அது உதவாது, கரி போட்ட கறுப்பு வடிகட்டி வேண்டும். கறுப்புச் சாயம் பூசிய பஞ்சு போல மெல்லிசாக இருந்தால் ஏமாற்று, கையில் எடுத்துக் குலுக்கினால் கரி மணிகள் சலசலக்க வேண்டும். ஓசோன் விடுகிற வகை மூச்சுக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. அறையின் அளவைக் கேட்டுவிட்டு அதற்கு ஒரு படி பெரியதாகவே எடுக்கச் சொன்னாள். ஓடும்போது ஜன்னல் மூடியிருக்க வேண்டும் என்றாள்.

அண்ணன் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு நெற்றியில் ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் நீலம், கெட்டால் ஆரஞ்சு, மோசமானால் சிவப்பு. விளக்கைப் பொறுத்து வேகத்தை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். படுத்த இடத்திலிருந்தே லெட்சுமி பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஆசை. விளக்குக்குக் கீழே சின்னதாக ஒரு ஓட்டை இருந்தது. ஐனா அதைத் தொட்டுக் காட்டி, "இனி மாத்தா டியா, அங்கிள்" என்றாள். மாத்தா என்றால் கண். இதுதான் இதோட கண் என்று சொல்கிறாள், தூசையும் வாடையையும் அது வழியாகத்தான் அது தெரிந்துகொள்கிறது.

கண் என்ற சொல் அண்ணனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு தெளிச்சி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சந்தனம் குழைத்ததுதான். "ஒத்தக் கண்ணு வச்சிருக்கான் பாரு ஜூலி. நெத்திக்கண்ணு! அதுக்குப் பொட்டு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?" என்று கட்டைவிரலால் அழுத்தி, தடிப்பாக, அந்தக் கண்ணிலேயே வைத்தார். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அப்புறம் சுவிட்சைப் போட்டார். நீல விளக்கு எரிந்தது. லெட்சுமி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த விளக்கு மாறவே இல்லை. காலையில் நீலம், மாலையில் நீலம். சத்தமே இல்லாமல் ஓடும். கோப்பி அதன் முன்னாலேயே படுத்துக் காதைச் சொறிந்தாலும் நீலம். வெள்ளிக்கிழமை அண்ணன் சாம்பிராணி போட்டு வீடே புகைமூட்டமாக நின்றபோதும் நீலம்! "என்னா மெஷின்டா சாமி!" என்று நானே மெச்சிக்கொண்டேன். பொட்டைப் புதுப்பித்துக்கொண்டே அண்ணனும் தலையாட்டினார். ஆனால் நாய் வாடை போனபாடில்லை. அந்த வாடை போகட்டும் என்று சாம்பிராணியை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தாமல் தினமும் போட ஆரம்பித்தார். புழுங்குகிறது என்று அக்கா சொன்னதால் பின்ஜன்னலையும் திறந்தார். நீலமாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன பயம்?

அக்காவுக்கு இழுப்பு ஏறிக்கொண்டே போனது. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார், அதுவும் தூக்கமா என்ன. அண்ணன் ஒவ்வொரு சாமியாக வேண்டிக்கொண்டார். என் வீட்டு மாதா படத்துக்கு முன்னாலும் வந்து நின்றார். கிளினிக் நாள் வருவதற்குள்ளேயே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் துளசி சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. "மெஷின் நீலமா இருக்கு. அப்ப காத்து சுத்தம்தான்னு அர்த்தம். தூசும் இல்ல, புகையும் இல்ல. மிச்சம் என்னப்பா இருக்கு? சொல்லுங்க. என்ன இருக்கு?"

அக்கா வீடு திரும்புவதற்கு முதல் நாள், பிறையில் லாரி ஷெட்டில் காவல் வேலை பார்க்கும் பழைய கூட்டாளி பழனியப்பனை அண்ணன் வரச் சொல்லிக் கோப்பியை அவரிடம் ஒப்படைத்தார். கோப்பிக்குக் கண் சரியாகத் தெரியாததால் எங்கே கூட்டிப் போகிறார்கள் என்றுகூட அதற்குத் தெரியவில்லை, வாலை ஆட்டிக்கொண்டே அவர் வேனில் ஏறியது. போர்வையைத் துளசி பார்த்தால் குப்பையில் போட்டுவிடுவாள் என்று பழைய பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி என்னிடம் கொண்டு வந்தார். "உன் வீட்டுல வை ஜூலி. அப்புறமா நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றார். அவர் போன பிறகு என் சமையலறையில் நின்று நான் ஓவென்று அழுதேன்.

அக்கா வந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் கஞ்சிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் சந்தனக் கிண்ணத்தைத் தொடவில்லை. அடுத்த வெள்ளியும் தொடவில்லை. "யாருக்கு வைக்கிறது, எதுக்கு வைக்கிறது" என்றார். பொட்டு அண்ணன் வீட்டில் பொட்டு நின்றுபோனது.

சந்தனம் காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் உதிரும். ஒரு மத்தியானம் பின்பக்கம் சுவர் இடிக்கும் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அக்காவுக்கு ரசம் கொண்டுபோயிருந்தேன். என் கண் முன்னாலேயே அந்தப் பொட்டு பொறுக்காகக் கழன்று கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவரை வாய் திறக்காத மெஷின் ஹோ என்று அலற ஆரம்பித்தது. விளக்கு சிவப்பு. ரத்தச் சிவப்பு.

"ரோசாக் ஆயிடுச்சு ஜூலி! கெட்டுப்போச்சு!" என்று அண்ணன் பதறி ஓடி வந்தார். "நாய்தான் போயிடுச்சே, இப்ப ஏன் செகப்பு?"

நான் அந்தச் சின்ன ஓட்டையையே பார்த்தேன். அதன் விளிம்பில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியிருந்தது. ஐனாவின் விரல் அதைத் தொட்டுக் காட்டியது ஞாபகம் வந்தது. மாத்தா.

"அண்ணே... நாம அதோட கண்ணப் பொத்தி வச்சிருந்தோம்ணே."

அவர் புரியாமல் நின்றார். நான் போய்ப் பின்ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு ஆரஞ்சானது. நெடுநேரம் ஆரஞ்சாகவே நின்றது. பிறகு நீலம் வந்தது, சத்தம் அடங்கியது. ஜன்னலைத் திறந்தேன், சிவப்பு. மூடினேன், நீலம். அண்ணன் ஓடிப்போய்ச் சாம்பிராணித் தூபக்காலைக் கொண்டுவந்து ஒரு சிட்டிகை போட்டார். மெஷின் அலறியது. அவர் தூபக்காலை அப்படியே வாசலுக்கு வெளியே வீசிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன் இல்லடி! லெட்சு, அவன் இல்லடி! நான்தான்டி உன்னைப் போட்டு மூட்டம் போட்டிருக்கேன்!"

லெட்சுமி அக்கா சுவர்ப் பக்கத்திலிருந்து திரும்பினார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பழனியப்பனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. போர்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் என் காடியில் ஏறினார். பாலம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். காதுக்கு நல்ல மருந்தாக வாங்க வேண்டும், வாரா வாரம் குளிப்பாட்ட வேண்டும், முடியைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். ஷெட்டின் கேட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பழனியப்பன் காவல்காரர் குடிலான பொண்டோவிலிருந்து வெளியே வரவில்லை. நாங்கள்தான் உள்ளே போனோம். அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கயித்த கடிச்சிட்டுப் போயிடுச்சு அரசு. முந்தா நாளு. எதுவும் சாப்பிடல, கேட்டுப் பக்கமே மூஞ்சிய வச்சிக்கிட்டு கெடந்துச்சு. தேடிக்கிட்டே இருக்கேன்டா. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு..."

வெளியே பெரிய ரோடு. லாரி மேல் லாரி. கண் தெரியாத நாய். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது எங்கள் கதைக்கென்றே சொன்ன பழமொழி.

தேடினோம். "கோப்பி! கோப்பி!" என்று அந்த மனிதர் கத்திக்கொண்டு போகிறார், லாரிக்காரர்கள் கோப்பி குடிக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களை நான் மலாயில் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. பொழுது சாய்ந்தது. அண்ணன் பழனியப்பனிடம் கத்தி வாங்கிப் போர்வையை இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைக் கேட்டின் ஓரத்தில் விரித்தார். "கண்ணு தெரியாட்டியும் வாடை தெரியும் அவனுக்கு" என்றார். மறு பாதியைப் பையில் போட்டுக் கட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனார். துளசியும் வேலை முடிந்து நேராகப் பிறைக்குப் போய்த் தேடிவிட்டு வருவாள். "அம்மாவுக்காகத்தானே ஆன்ட்டி சொன்னேன்" என்று என் தோளில் விழுந்து அழுதாள். அவளைத் திட்டத்தான் வாயைத் தயாராக வைத்திருந்தேன், முடியவில்லை. கோப்பி கிடைக்கவில்லை. லெட்சுமி அக்காவுக்கு இழுப்பு குறைந்துவிட்டது, படுத்துத் தூங்குகிறார். கிளினிக்கில் டாக்டர், ரொம்ப நல்ல முன்னேற்றம் என்றாராம்.

நேற்று சாயந்திரம் கொஞ்சம் பலகாரம் கொடுக்கலாம் என்று போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெஷின் அலறிக்கொண்டிருந்தது, விளக்கு சிவப்பு. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். லெட்சுமி அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பை அவிழ்ந்து கிடந்தது. பாதிப் போர்வை மடியில். அதன் மேல் முகத்தைக் கவிழ்த்திருந்தார்.

விளக்கு சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது.

"என்னங்க, கொறையுதுங்க" என்றார் அக்கா. "அவன் வாடைய எல்லாம் தின்னுடுதுங்க அது."

அண்ணன் மெஷினைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, பொட்டு வைக்கும் அதே கட்டைவிரலால், அதன் கண்ணைப் பொத்தினார். விளக்கு நீலமானது. அலறல் அடங்கியது.

மூச்சுக்காரியிடம் நாய்ப் போர்வை! உள்ளே போய் இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பலகாரத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இன்னும் கொஞ்ச நேரங்க" என்று அக்கா சொல்வது சுவர் வழியாகக் கேட்டது. "கைய எடுத்துடாதீங்க."